ஐந்தாம் படுக்கையின் புகார்

"அந்த டாக்டரம்மாவை இங்கேயிருந்து அனுப்பிடுங்க மேடம். ஒரு ஆறு மாசமாவது என் கண்ணுல படக் கூடாது."

பயிற்சிப் பிரிவின் தலைமை மருத்துவர் பேனாவை மூடிவிட்டு நிமிர்ந்தார். வந்திருந்தவர் சிறுநீரக வார்டின் ஐந்தாம் படுக்கைக்காரர். மருத்துவமனைச் சட்டையோடு இரண்டு மாடி ஏறி வந்ததில் அவருக்கு மூச்சு வாங்கியது.

"முதல்ல உட்காருங்க. யாரைச் சொல்றீங்க?"

"குழந்தைங்க வார்டுல மேற்படிப்புப் படிக்கிறாங்களே, சுருட்டை முடி, அவங்கதான்."

"குழந்தைங்க டாக்டருக்கு உங்ககிட்ட என்ன வேலை?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். ஒரு நாளைக்கு நாலு தடவை வந்துடறாங்க. ஒரு மடக்கு தண்ணி கூடுதலாக் குடிச்சா டம்ளரைப் பிடுங்கறாங்க. அசந்து தூங்கினா காலை அமுக்கி, வீக்கம் இருக்கான்னு பார்க்கறாங்க. வார்டுல நர்ஸுங்க இருக்காங்க. வீட்டுல கூடமாட ஒத்தாசைக்கு என் தம்பி வந்து இருக்கான். இவங்க எதுக்கு?"

தலைமை மருத்துவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"நோட்டீஸ் போர்டுல ஏதோ வெளிநாட்டுப் பயிற்சின்னு போட்டிருக்கே. அங்க தள்ளி விட்டுடுங்க."

"அது தண்டனை இல்லீங்க. ஒரு மாவட்டத்துக்கே ஒரே ஒரு குழந்தை டாக்டர் இருக்கற இடம். மலேரியா, குறைமாசக் குழந்தைங்கன்னு, இங்க மூணு வருஷத்துல பார்க்காததை அங்க ஆறு மாசத்துல பார்த்துடலாம். நாற்பது பேர் கேட்டாங்க. நாங்க எடுத்ததே அவங்களைத்தான்."

"அப்புறம் என்ன?"

"வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டாங்க. குடும்பக் காரணமாம். எவ்வளவோ துருவிக் கேட்டேன், வாயைத் திறக்கல. இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள மனசு மாறலைன்னா இடம் அடுத்தவருக்குப் போயிடும்."

ஐந்தாம் படுக்கைக்காரர் முழங்கையில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைத் தடவிக்கொண்டார்.

"நான் புகாரா எழுதிக் குடுத்தா, அதை வச்சுக் கண்டிச்சு அனுப்பலாம் இல்லையா?"

விட மாட்டார் போலிருந்தது. தலைமை மருத்துவர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். பெயர், வார்டு, படுக்கை எண் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு நிரப்பினார்.

"அந்த டாக்டரை உங்களுக்கு எத்தனை நாளாத் தெரியும்?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"இருபத்தேழு வருஷமா மேடம். பொறந்த அன்னிக்குத் துணியில சுத்தி முதல்ல என் கையிலதான் குடுத்தாங்க. அந்தக் குடும்பக் காரணம் நான்தான்."