ஒட்டுக்குக் கீழே

கிட்ட வந்து உட்காருங்கள் செல்லங்களே, தாலாத் என்ற மலையூரில் ஒரு ரோஜாச்செடி குயென் என்ற பெண்ணைப் படுத்திய பாட்டைச் சொல்கிறேன்.

ஜப்பானிலிருந்து கினுவே வருகிறாள் என்றதுமே குயென் வேலிப்பக்கம் ஓடினாள். வருஷக்கணக்காகப் போனிலேயே தோட்டம் காட்டிப் பழகிய சிநேகிதிகள். காட்டு ரோஜாத் தண்டில் கினுவே தன் கையால் ஒட்டுக்கட்டி அனுப்பிய சிவப்பு ரோஜா, போன மழையில் பட்டுப்போனது. ஒட்டுக்குக் கீழேயிருந்த காட்டுச்செடி மட்டும் கிளைத்து, வேலியெல்லாம் சின்னச்சின்ன வெள்ளைப் பூக்கள். குயென் அதைக் கினுவேயிடம் சொல்லவே இல்லை.

"சந்தையில ஒரு சிவப்பு ரோஜா வாங்கி நட்டுடு. யாருக்குத் தெரியும்?" என்றார் கணவர் தோவான்.

"அவங்க இலையைத் தொட்டே சொல்லிடுவாங்க. நீங்க வேற!"

"அப்ப இந்தக் காட்டுச்செடியையாவது வெட்டி எறியறேன்."

அவர் கத்தரியை எடுக்கும்போதே வாசலில் கார் வந்து நின்றது.

கினுவே நேராக வேலிக்குப் போனாள். மண்டியிட்டு அடித்தண்டைத் தடவினாள். குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

"அக்கா, உங்க ரோஜாவைச் சாகவிட்டுட்டேன். மறைச்சதுக்குத் திட்டுங்க, முகத்தை மட்டும் திருப்பிக்காதீங்க!" குயென் அழுதே விட்டாள்.

"அடி பைத்தியமே, அந்தச் சிவப்பு எந்தக் கடையிலயும் கிடைக்கும். இந்தக் காட்டு ரோஜா எங்கம்மா விதை போட்டு வளர்த்த வேலி. அதுல வெட்டின தண்டுலதான் உனக்கு ஒட்டுக்கட்டினேன். அப்புறம் வந்த வெள்ளத்துல அம்மா வீட்டோட வேலியும் போச்சு. ஒரு குச்சிகூட மிஞ்சலைன்னு நினைச்சேன்டி."

கண்ணைத் துடைத்துக்கொண்டு கை நீட்டினாள். "நாலு குச்சி குடு, ஊர்ல நடணும்."

உங்கள் வீட்டு வேலியும் என்றைக்கும் பூத்திருக்கட்டும், கண்ணுகளா.