பதினொன்றிலிருந்து பதினொன்றரை வரை

"சீக்கிரம் வா பார்கவி! பதினோரு மணிக்குக் கதவைத் திறப்பாங்க. அரை மணி நேரம்தான்" என்றான் ஸ்ரீகாந்த். இருப்பதிலேயே நல்ல சட்டையைப் போட்டிருந்தான்.

கிளென் வேவர்லி புறநகரில் விற்பனைக்கு வந்திருந்த மாடி வீடு அது. வாங்க நினைப்பவர்கள் சுற்றிப் பார்க்கச் சனிக்கிழமைகளில் இப்படித் திறந்துவிடுவார்கள். இதைத் தவறவிட்டால் அடுத்த சனிக்கிழமை வரை காத்திருக்க வேண்டும்.

வாசலில் ஏஜென்ட் தேஜஸ்வினி ஐபேடை நீட்டினாள். ஸ்ரீகாந்த் பெயரையும் போன் நம்பரையும் அடித்தான். முகவரிக் கட்டத்தை மட்டும் விட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

"மூணு வாரமா வர்றீங்க சார். மூணு வீடு காட்டிட்டேன். ஒண்ணுகூடப் பிடிக்கலையா?" சிரிப்பில்லாமல் கேட்டாள்.

"எங்களுக்கு பாத்ரூம்தான் மேடம் முக்கியம். வைஃப் நிதானமா பார்ப்பா."

அதற்குள் பார்கவி ஒரு கையில் ஏழு வயது அக்ஷராவையும் மறு கையில் பெரிய பையையும் இழுத்துக்கொண்டு மாடி ஏறிவிட்டாள்.

வீடு பார்க்க வந்த இன்னொருவர் வெங்கட்ராமன். வாங்கினால் இது நாலாவது வீடாம். யாரும் கேட்காமலே சொல்லிவிட்டார்.

"ஸ்டேஷன்கிட்ட ஒருத்தன் போர்வையோட படுத்திருக்கான், பாத்தீங்களா? இந்த நாட்டுல ஒருத்தனுக்கு வீடில்லைன்னா அவன் சோம்பேறிதான் சார்!"

"ஆமா சார்" என்றான் ஸ்ரீகாந்த். அப்படிச் சொன்னதற்காகத் தன் மேலேயே அவனுக்கு வெறுப்பு வந்தது.

மாடிக்குப் போன வெங்கட்ராமன் அங்கிருந்தே கத்தினார். "ஹலோ, பாத்ரூம் பத்து நிமிஷமா பூட்டியே இருக்கு!"

தேஜஸ்வினி விறுவிறுவென்று மாடி ஏறினாள். ஸ்ரீகாந்த் படிக்கட்டின் கீழே நின்று காதைத் தீட்டினான்.

"அந்த லாக் அடிக்கடி சிக்கிக்கும் சார். நீங்க கீழ இருக்கறதைப் பாருங்க" என்று அவள் சொல்வது கேட்டது.

பதினொன்றரைக்கு ஸ்ரீகாந்தும் பார்கவியும் அக்ஷராவும்தான் கடைசியாக வெளியே வந்தார்கள். இந்த நாட்டில் ஜூலைதான் உச்சக் குளிர்காலம்; காற்று முகத்தில் அறைந்தது. பார்கவி மகளின் கம்பளிக் குல்லாவைக் காது வரை இழுத்துவிட்டாள்.

"சாரி மேடம், இந்த வீடும் எங்களுக்கு…" என்று ஸ்ரீகாந்த் தரையைப் பார்த்தபடி ஆரம்பித்தான்.

தேஜஸ்வினி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அடுத்த வாரம் ஹேர் டிரையர் கொண்டு வர்றேன். இந்தக் குளிர்ல பாப்பா ஈரத் தலையோட கார்ல படுக்க வேண்டாம்."