நின்ற காரணம்

பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட பெண் பிள்ளைகளைப் பற்றி, வீடு வீடாக ஏறி இறங்கி டீச்சர் எழுதிய பட்டியல் அது. பெயர், வயது, விலாசம், கடைசியில் ‘நின்ற காரணம்’. அப்பா படுத்த படுக்கை. அம்மா இல்லை. வீட்டில் ஒரு வேளைச் சாப்பாடு. வருடாவருடம் எல்லா அலுவலகங்களுக்கும் பிரதி அனுப்புவார். கிணற்றில் போட்ட கல்தான்.

போன மாதம் ஒரு அம்மா வந்தார். தையல் பயிற்சி நடத்துகிறாராம். பட்டியலை ஒரு வரி விடாமல் படித்தார்.

“இந்தப் பொண்ணுக்கு அண்ணன், மாமன்னு கேக்க ஆள் இருக்கா?”

“யாரும் இல்லைங்க.”

“பாவம். பதினாலு வயசுதானே ஆகுது.”

டீச்சருக்கு மனசு குளிர்ந்துவிட்டது. பட்டியலையே கொடுத்தனுப்பினார்.

இன்று இன்ஸ்பெக்டர் வந்து அதே தாளை மேஜைமேல் வைத்தார். ஏழு பெயர்களுக்கு நேரே சிவப்பு மையில் டிக்.

“லாட்ஜ்ல சிக்கின புரோக்கர் பொம்பள பையில இது இருந்துச்சு. இந்த ஏழு பிள்ளைங்களையும் அங்கேருந்துதான் மீட்டோம்.”

டீச்சர் தாளை எடுத்து, டிக் போட்ட பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தார்.

“இவ்வளவு விவரத்தையும் அவ கையில தூக்கிக் குடுத்திருக்கீங்களே. எங்களுக்கு ஒரு காப்பி அனுப்பியிருக்கக் கூடாதா டீச்சர்?”

டீச்சர் பீரோவைத் திறந்து ஒரு ஃபைலை எடுத்து நீட்டினார். உள்ளே மூன்று வருடத்து ஒப்புகைச் சீட்டுகள். மூன்றிலும் இன்ஸ்பெக்டருடைய ஸ்டேஷன் முத்திரை.

“படிச்சது அவ ஒருத்திதான் சார்.”