உடைய வேண்டிய பீம்

"இன்னும் கொஞ்சம் ஏத்துங்கோ, பாப்பம்," என்றார் வினாயகமூர்த்தி.

கொழும்பிலிருந்து வந்திருந்த ஒப்புதல் குழுவுக்கு அவர்தான் தலைவர். வாவிக் கரையில் இரண்டு கட்டைகளின் மேல் கிடந்த பீமில் மணல் மூட்டைகள் ஏற்கெனவே ஆள் உயரத்துக்குக் குவிந்திருந்தன. ஸுஹைனா கண் கொட்டாமல் பீமின் அடிப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதில் சீமெந்து மருந்துக்கும் கிடையாது. நிலக்கரிச் சாம்பலையும் உமிச் சாம்பலையும் காரக் கரைசலில் குழைத்து இறுக வைத்த ஜியோபொலிமர் கொங்கிறீட். உப்புத் தண்ணீர் தூண்களை அரித்துத் தின்னும் இந்தப் பக்கத்துக்கு இதுதான் சரி என்று பல்கலைக்கழகத்தில் வருடக்கணக்காகத் தொண்டை கிழியக் கத்தியவள் அவள். 'சாம்பல் டீச்சர்' என்ற பட்டப்பெயர்தான் கண்ட மிச்சம். ஒருவழியாகப் பெரியகல்லாற்றுக்கு அருகே ஓர் ஓடைக்கு மேலே சின்ன நடைபாலம் ஒன்று கட்டிப் பார்க்க அனுமதி கிடைத்தது. பாலத்தை வார்த்த அன்றே, அதே கலவையில், அதே அளவுக் கம்பி வைத்து சோதித்துப் பார்ப்பதற்கென்று இந்த பீமையும் வார்த்தார்கள்.

பீம் தேறினால் பாலம் திறக்கும். தோணியில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் நடந்தே போவார்கள். தேறாவிட்டால் பாலத்தை இடிக்க வேண்டியதுதான், அவளுடைய ஆராய்ச்சியும் அத்தோடு சரி.

மூட்டைகள் ஏறின. பீம் இம்மியும் அசையவில்லை.

வேடிக்கை பார்க்க வந்த ஊர் கைதட்டியது. பாலம் கட்டிய கொந்தராத்துக்காரர் சரீப், அவர் ஸுஹைனாவின் வாப்பாவேதான், முகமெல்லாம் பல்லாக நின்றார்.

ஸுஹைனா மட்டும் கைதட்டவில்லை. குழு கேட்ட பாரத்தை பீம் எப்போதோ தாண்டிவிட்டது, அது சரி. ஆனால் இவ்வளவு பாரத்துக்கு அது கீறல் விட்டு, வளைந்து, உடைந்தே போயிருக்க வேண்டும். எப்போது உடையும் என்று கணக்குப் போட்டவளே அவள்தான். அவள் தன் சந்தேகத்தைச் சொன்னபோது வினாயகமூர்த்தி சிரித்துவிட்டார்.

"கணக்க மிஞ்சித் தாங்கினதுக்கு ஆராவது கவலைப்படுவினமோ பிள்ளை? பாலத்தத் திறவுங்கோ."

அவர் ஓடைப் பக்கம் நடக்க, கூட்டமும் அவர் பின்னால் போனது.

ஸுஹைனா வாப்பாவின் கையைப் பிடித்து மூட்டைகளுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

"வாப்பா, பீமுக்குள்ள என்ன செஞ்சீங்க?"

சரீப் முதலில் மழுப்பினார். அவள் விடவில்லை. வார்ப்புக்கு முந்தின நாள் மாலை, கட்டிய கம்பிகளை அவளே சரிபார்த்துவிட்டுத்தான் காத்தான்குடி வீட்டுக்குப் போயிருந்தாள். இந்தக் கலவை வெயில் ஏறினால் சட்டென்று இறுகிவிடும் என்பதால் விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு வேலையைத் தொடங்கிவிட்டார்கள். அவள் வந்து சேர்ந்தபோது கம்பியெல்லாம் கொங்கிறீட்டுக்குள் மறைந்திருந்தது.

"கொஞ்சம் கம்பி கூட வெச்சன், மகள்," என்றார் சரீப். "கொழும்பு ஆக்களுக்கு முன்னால நீ தலகுனிஞ்சி நிக்கிறத என்னால பாக்க ஏலா."

அவளுடைய இத்தனை வருடப் பாடும் ஒரு பொய்ச் சோதனையில் வந்து முடிந்திருக்கிறது. ஆத்திரம் தலைக்கேறியது, ஆனால் பாசத்தில் இதைச் செய்துவிட்டு எதிரே நிற்கிறவரைத் திட்டவும் வாய் வரவில்லை. வினாயகமூர்த்தியிடம் இப்போதே உண்மையைச் சொல்லப் போவதாகச் சொன்னாள். சரீப் கெஞ்சினார். பீம் தேவைக்கு மேல் பலமாக இருந்தால் யாருக்கு என்ன கெடுதல், எவர் செத்தார் என்று கேட்டார்.

அங்கே பாலத்துக்குக் குறுக்கே கட்டியிருந்த திறப்பு நாடாவை வெட்டினார்கள். பிள்ளைகள் கூச்சலோடு பாலத்தில் ஓடி ஏறினார்கள். அவர்களுக்குப் பின்னால் தாய்மார், தோணிக்காரர்கள், பாதி ஊர். நடுவில் வினாயகமூர்த்தி நின்று போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தார்.

இரண்டடி வைத்த ஸுஹைனா சட்டென்று நின்றாள்.

"அந்தக் கம்பி ஏது வாப்பா? நான் அளவாத்தானே வாங்கித் தந்த?"

சரீப் மகளைப் பார்க்கவில்லை. அவர் கண் பாலத்தில் இருந்தது.

"பாலத்துக்குக் கட்டினதில இருந்துதான் உருவி எடுத்த," என்றார் மெதுவாக. "சோதிக்கப் போறது பாலத்த இல்லத்தானே, மகள்."