கோடு சொல்லும்

“திருட்டு மாட்டைக் கறந்து சொசைட்டிக்குப் பால் ஊத்துறா. அவ வாயைப் பாரு.”

திராட்சைத் தோட்டக்காரர் சுருளிராஜன் போட்ட சத்தத்தில், கால்நடை மருந்தகத்தில் கோழிக்கு மருந்து வாங்க வந்தவர்கள்கூட எழுந்து நின்றார்கள். மாட்டுக் கயிற்றை அவர் ஒரு பக்கம் இழுக்க, சுருளிப்பட்டி மொக்கம்மாள் மறுபக்கம் விடாமல் பிடித்திருந்தாள். அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

“திருடியா நானு? பொங்கல் கழிச்சு, சங்கிலியை வித்து உங்க கையில காசு குடுத்துத்தான ஓட்டிட்டு வந்தேன்?”

“வளக்கத்தான் குடுத்தேன். வித்ததுக்குச் சீட்டு இருந்தாக் காட்டு.”

சீட்டு ஏது? எலும்பும் தோலுமாக வாங்கிய மாடு. பிண்ணாக்கு போட்டுத் தேற்றினாள். இன்றைக்கு வேளைக்கு ஐந்து லிட்டர் கறக்கிறது. அது தெரிந்ததும் இந்த மனுசனுக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. மாடு போனால் அவள் வீட்டில் உலை ஏறாது.

டாக்டர் ஜாய்ஸ் வெளியே வந்தார். அவர் பொறுப்பேற்று நான்கு நாள்தான் ஆகிறது. பழைய டாக்டர் இருந்தவரை சுருளிராஜன் இந்தப் பக்கமே வரவில்லை.

“காதுல மஞ்சள் அடையாள வில்லை இருக்கணுமே, எங்க?”

“வேலி முள்ளுல மாட்டிக் கிழிஞ்சிருச்சு டாக்டரம்மா,” என்று சுருளிராஜன் முந்திக்கொண்டார்.

ஜாய்ஸ் மாட்டின் இடது காதைத் தடவினார். பாதிக் காது இல்லை. கத்தரித்த துணிபோல விளிம்பு நேராக இருந்தது.

சுருளிராஜன் சட்டைப்பையிலிருந்து மாட்டுக்கான அட்டையை உருவி நீட்டினார். “வில்லை போனா என்ன? அதுல இருந்த அதே பார்கோடு இந்த அட்டையிலயும் ஒட்டியிருக்கு. சோப்புக்கட்டிக்கு வெல சொல்லுது, கூரியருக்கு ஊர் சொல்லுது. மாடு யாருதுன்னு சொல்லாதா? இங்கனயே பாருங்க.”

மொக்கம்மாளுக்கு ஆத்திரத்தில் கண் கலங்கியது. அந்தக் கறுப்புக் கோடுகள் தன் பேரைச் சொல்லப் போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் கயிற்றை விடவில்லை.

ஜாய்ஸ் செல்போனை அட்டைக்கு மேல் பிடித்தார். ‘பீப்’ என்றது. திரையை இரண்டு முறை படித்தார்.

“உங்க பேருதான் இருக்கு.”

“கேட்டியா?” சுருளிராஜன் கயிற்றை வெடுக்கென்று இழுத்தார்.

“இருங்க. இந்த மாடு செத்துப்போச்சுன்னு, வில்லையோட காதை அறுத்துக் குடுத்து, போன தையிலயே இன்சூரன்ஸ் பணம் வாங்கியிருக்கீங்களே?”