பாதை காலி

மங்கிப்போன கார் விளக்கை மாற்றப் போன குழந்தைவேலுவுக்குக் கடைக்காரர் மூன்று வகை காட்டினார். மூன்றும் ஒன்றேதான். சாலை தெரியும், கையில் தோல் அடையாளப் பட்டை கட்டிய மனிதர் தெரிவார். வேறெதன்மேலும் ஒளி வீணாகாது. இப்போது எல்லா வண்டியிலும் அதுதான்.

அன்றிரவு பழனிக்கு நடந்துகொண்டிருந்த மனைவி மரகதத்தின் குழுவுக்கு இட்லி எடுத்துக்கொண்டு போனான். ஒட்டன்சத்திரம் தாண்டியதும் கொழுந்தியாள் அழைத்தாள்.

"மாமா, அக்கா பட்டை இங்க சாமி ரூம்ல கெடக்குதுங்க. மாலை போட்டுட்டுத் தோலு கட்டக்கூடாதுன்னு கழட்டி வெச்சுட்டுப் போயிருச்சு. கூடப் போன அத்தனை பேரும் அப்படித்தானாம்!"

பிரேக்கை மிதித்தான். 'பாதை காலி' என்றது வண்டியின் திரை. கண்ணாடியை இறக்கினான். வலப்பக்க இருட்டிலிருந்து நூறு குரல்கள் எழுந்தன.

"அரோகரா!"

"மரகதம்! ரோட்ட விட்டு எறங்கு!" என்று கத்தினான். கோஷத்தில் அவன் குரல் அமுங்கியது.

எதிரே ஒரு லாரி பாய்ந்து வந்தது. இறங்கி நடுச்சாலைக்கு ஓடி, இரண்டு கைகளையும் உயர்த்தினான்.

அவன் மணிக்கட்டில் பட்டை இருந்தது. லாரிக்காரர் அவனைப் பார்த்துவிட்டார். அவன்மேல் ஏற்றிவிடாமலிருக்க, காலியாகத் தெரிந்த ஓரத்துக்கு வண்டியைத் திருப்பினார்.