இண்டிகேட்டர் சரியில்லை

"வண்டியை ஓரம் கட்டும்மா. உனக்கு இப்ப டெஸ்ட் கிடையாது."

லைசென்ஸ் அதிகாரி சொன்னதைக் கேட்டு அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஏன் சார்? நான் இன்னும் ஓட்டவே இல்லையே!"

"இண்டிகேட்டர் அடிக்கிற வேகத்தைப் பாரு. போய் சரி பண்ணிட்டு மூணு மணிக்கு வா. அடுத்தது யாருப்பா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

எல்லாம் தம்பியின் கைவண்ணம். பைக்கும் அவனுடையதுதான். "டெஸ்டுக்குப் போறே, வண்டி பளிச்சுனு இருக்கட்டும்க்கா" என்று முந்தின நாள்தான் பழைய பல்புகளைக் கழற்றிவிட்டு எல்.ஈ.டி. மாட்டியிருந்தான். அப்போது பிடித்த பேய்தான். ஸ்விட்சைத் தட்டினால் இண்டிகேட்டர் படபடவென்று அடித்துக்கொள்கிறது.

ஏற்கெனவே இரண்டு தடவை எட்டுப் போடும்போது காலை ஊன்றிவிட்டு ஃபெயிலானவள். மூன்றாவது தடவையும் ஃபெயிலானால் அறுபது நாள் கழித்துத்தான் மறுபடி வர முடியும். கூரியர் கம்பெனியிலோ, "திங்கக்கிழமை லைசென்ஸோட வந்தா வேலை, இல்லேன்னா வேற ஆளைப் பாத்துக்கறோம்" என்று கறாராகச் சொல்லியிருந்தார்கள். இன்றைக்கு வெள்ளிக்கிழமை.

எதிர்ச்சாரியில் ஒரு மெக்கானிக் கடை இருந்தது. வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள்.

மெக்கானிக் ஸ்விட்சைத் தட்டிப் பார்த்தார்.

"எல்.ஈ.டி. போட்டீங்களா? அது கரண்டு கொஞ்சமாத்தான் இழுக்கும். இண்டிகேட்டரை விட்டு விட்டு எரிய வைக்கிற உங்க பழைய ரிலே, பல்பு ஏதோ பியூஸ் போயிடுச்சுன்னு நெனச்சுக்கிட்டு வேகமா அடிக்குது. ரிலேயை மாத்தினா சரியாயிடும்."

"இதுக்குப் போய் என்னைத் திருப்பி அனுப்பிட்டாருங்க அந்த ஆபீசர்."

"யாரு, கண்ணாடி போட்ட ஆபீசரா?" மெக்கானிக் நிமிர்ந்து பார்த்தார். "அவர் இதையெல்லாம் பாக்க மாட்டாரே!"

அவளுக்குச் சுருக்கென்றது. அப்படியானால் தன்னிடம் மட்டும்தானா? பொம்பளை என்றால் இளக்காரம், வேறென்ன!

மெக்கானிக் சீட்டைக் கழற்றி, எல்.ஈ.டி.க்கென்று வருகிற ரிலேயைச் சொருகிக் கொடுத்தார். பத்து நிமிஷ வேலை. இண்டிகேட்டர் நல்ல பிள்ளையாக நிதானத்துக்கு வந்துவிட்டது. அவள்தான் வரவில்லை. மூன்று மணிவரை வெயிலில் நின்று மனசுக்குள் அந்த அதிகாரியை வறுத்தெடுத்தாள்.

மூன்று மணிக்கு மறுபடி அவர் முன்னால் போய் நின்றாள்.

"சரி பண்ணிட்டியா? ஓட்டு."

'என்னையா திருப்பி அனுப்பினே, பாத்துக்கோ' என்று பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியை எடுத்தாள். கோபத்தில் இருக்கிறவளுக்குப் பயப்பட ஏது நேரம்? எட்டு அழகாக விழுந்தது. கால் தரையில் படவேயில்லை.

"பாஸ்" என்று கையெழுத்துப் போட்டுத் தாளை நீட்டினார்.

அவளுக்குப் பின்னால் ஒருவன் வந்தான். அவன் வண்டியிலும் எல்.ஈ.டி. அதே படபடப்பு. எட்டுப் போட்டு முடித்தான்.

"பாஸ்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தாளைப் பத்திரமாகப் பைக்குள் வைத்துக்கொண்டு அதிகாரியின் மேஜைக்கே போய்விட்டாள்.

"அவர் இண்டிகேட்டர் மட்டும் உங்க கண்ணுல படலையா சார்? பொம்பளைன்னா அவ்வளவு இளக்காரமா?"

அதிகாரி பேனாவை மூடினார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"காலையில டெஸ்டுக்கு வந்து நின்னப்ப உன் ரெண்டு கையும் கிடுகிடுன்னு ஆடிக்கிட்டிருந்துதும்மா. வண்டி சரியில்லேன்னு அனுப்பினா மூணு மணிக்கே வந்துடலாம். நீ சரியில்லேன்னு எழுதினா அறுபது நாள் ஆகும்."